டிஎன்பிஎஸ்சி குரூப் 2: மெட்டீரியல் வாங்கலாமா, வேண்டாமா? (சேலம்)

ஜூலை 16, 2025

ஒரு தம்பி கேட்டது: "அக்கா, குரூப் 2 அறிவிப்பு நேற்று வந்துவிட்டது. செப்டம்பர் 28 முதல்நிலைத் தேர்வு. 645 இடம். ஊருக்குள் ஒரு பயிற்சி மையத்தில் ஃபுல் மெட்டீரியல், மொத்தம் பதினாலு புக், 3,500 ரூபாய் என்கிறார்கள். பள்ளிப் புத்தகம் மட்டும் போதும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். எதை நம்புவது?"

வாங்காதே.

காரணம் இதுதான். அரசு வேலைக்கு வருவதற்கு முன்னால் கோரிமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சில வருடம் வேலை பார்த்தேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் கோரிமேட்டில்தான். தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்பு விட்டதும் கடையில் கூட்டம் நெருக்கும். ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு பென் டிரைவ். "அக்கா, ஃபிரண்ட் பேக் போட்டு ஸ்பைரல் பண்ணிடுங்க." சேலம், நாமக்கல், சென்னை என்று எந்த ஊர் மையத்தின் குறிப்பாக இருந்தாலும் ஒரு நாள் என் கைக்கு வந்துவிடும். கண்ணாடி மேல் கவிழ்க்கும்போது கண் தானாகவே வாசித்துவிடும். அப்படி வாசித்ததில் தெரிந்தது, அட்டைதான் வேறு. உள்ளே எல்லாம் பள்ளிப் பாடப்புத்தக வரிகள், பாதியில் வெட்டி, அம்புக்குறி போட்டு வைத்தவை. ஒருவர் அடித்த தப்பு நாலு மையத்துக் குறிப்பிலும் அதே இடத்தில் இருக்கும்.

இன்னொரு சங்கதி. இந்தக் குறிப்புகள் நேராக அச்சிலிருந்து வருவதில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கும் ஒரு ஜெராக்ஸ். நாலாவது கைக்குப் போகும்போது சைபரும் எட்டும் ஒன்றாகிவிடும், ஆறும் ஒன்பதும் குழம்பிவிடும். வேலூர்ப் புரட்சி 1896 என்று ஒரு பெண் கவுன்ட்டரில் நின்று என்னோடு சண்டையே போட்டாள். 1806 அம்மா, டோனர் கம்மி, சைபர் நடுவில் கோடு விழுந்திருக்கிறது என்றேன். "மெட்டீரியல்ல இப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்பைரலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 16, இரவு

"அப்ப 3,500 ரூபாயை என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறான். வீட்டில் கொடு. உங்கள் அம்மாவுக்கு இதைவிட நல்ல செலவு தெரியும்.

ஜூலை 19

எந்தப் புத்தகம், எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

6 முதல் 12 வரை பள்ளிப் புத்தகங்கள். புதிய புத்தகங்கள் 2018-19இல் 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் 7, 8, 10, 12க்கும் வந்தன. வாங்கும்போது முதல் பக்கத்தைத் திருப்பி, பதிப்பு எந்த வருடம் என்று பாருங்கள். சமூக அறிவியல் முழுக்க, அறிவியல் 10 வரை, 11-12இல் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், புவியியல். தமிழ் எடுப்பவர்கள் தமிழ்ப் புத்தகம் அத்தனையும். தமிழுக்கு மட்டும் பழைய சமச்சீரையும் ஒருமுறை புரட்டலாம். கேள்வி அங்கிருந்தும் வந்திருக்கிறது.

பிடிஎஃப் பாடநூல் கழகத்தின் தளத்திலேயே இலவசம். அதை பிரிண்ட் எடுக்காதீர்கள். இது ஜெராக்ஸ் கடையில் இருந்தவள் சொல்வது. பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாலும் முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு 300 ரூபாய், ஸ்பைரல் தனி. அச்சடித்த புத்தகமே அதைவிடக் குறைவு.

அதைவிடக் குறைவு பழைய பேப்பர் கடை. ஏப்ரல், மே மாதத்தில் போனால் கிலோ கணக்கில் அள்ளலாம். இப்போதும் தேடினால் மூலையில் கிடக்கும். என்னுடைய பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் அப்படி வந்ததுதான். யாரோ ஒரு பையன் கர்சன் பிரபுவுக்குக் கொம்பும் தாடியும் வரைந்து வைத்திருந்தான். வங்கப் பிரிவினை 1905 எனக்கு மறக்காமல் இருப்பதற்கு அந்தக் கொம்பும் ஒரு காரணம்.

யூனிட் 8, யூனிட் 9 என்று அட்டையில் போட்டு விற்கும் புத்தகத்தை இன்னும் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு ஒன்று, தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகம் இன்னொன்று, 2019இல் வந்த அலகுகள் அவை. புதிய பாடத்திட்டத்தில் குரூப் 4க்கு அந்த எண்களே மாறிவிட்டன. பாடத்திட்டத்தை டிஎன்பிஎஸ்சி ஆணையத்தின் தளத்தில் இறக்கி, அந்தச் சில பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். காசு கொடுத்து பிரிண்ட் எடுக்க வேண்டிய காகிதம் என்றால் அதுதான்.

ஜூலை 20

"புத்தகத்துக்கு வெளியேதான் கேட்கிறார்கள், நீங்கள் இன்னும் புத்தகம் புத்தகம் என்கிறீர்கள்" என்று இன்ஜினியரிங் முடித்த ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

வெளியேயும் கேட்கிறார்கள், உண்மைதான். ஜூலை 12 குரூப் 4இல் தமிழ்ப் பகுதியைப் பார்த்துவிட்டு ஊரே புலம்பியது. ஆனால் வெளியே என்றால் எங்கே? மையத்து மெட்டீரியலுக்குள்ளா? அங்கேயும் இல்லையே. வெளியிலிருந்து வருவதில் பெரும்பங்கு தமிழ்நாட்டு நிர்வாகமும் பொருளாதாரமும். அதற்கு மூலமே நம் கைக்கு எட்டுகிறது. மார்ச் மாதம் வந்த நிதிநிலை அறிக்கை உரை தமிழில் இருக்கிறது. அதே சமயத்தில் மாநிலத் திட்டக்குழுவின் பொருளாதார ஆய்வறிக்கையும் வந்தது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைக்கு ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசுத் தளத்தில் கிடக்கிறது. பள்ளிக் கல்வி, மக்கள் நல்வாழ்வு, சமூக நலம், ஊரக வளர்ச்சி, இந்த நாலு துறையை எடுத்தாலே போதும். முழுக்கப் படிக்க வேண்டாம். திட்டத்தின் பெயர், எப்போது, எங்கே தொடங்கியது, யாருக்கு, எவ்வளவு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மதுரை. மகளிர் உரிமைத் தொகை அடுத்த வருடம் அதே தேதி, காஞ்சிபுரம். தேதி ஒன்றாக இருப்பதால் பொருத்துக வினாவில் மாட்டிக்கொள்வார்கள்.

ஜூலை 27

இன்று ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். என்னைக் கேட்டால் உண்மையான மெட்டீரியல் பழைய வினாத்தாளும் இறுதி விடைக்குறிப்பும்தான். இரண்டும் ஆணையத்தின் தளத்தில் இலவசம்.

எல்லாரும் படித்து முடித்துவிட்டு வினாத்தாளைப் போட்டுப் பார்க்கிறார்கள். நான் செய்தது தலைகீழ். முதலில் வினாத்தாள். ஒரு கேள்வியை எடுத்து, விடைக்குறிப்பில் விடையைப் பார்த்து, அது எந்தப் புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவேன். வரி கிடைத்ததும் பென்சிலால் ஓரத்தில் வருடமும் கேள்வி எண்ணும். கிடைக்கவில்லை என்றால் தனி நோட்டு. முதல் வினாத்தாளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், எரிச்சலாக வரும். மூன்றாவது தாளில் கை தானாக சரியான பக்கத்தைத் திறக்கும். அதற்குள் அந்தப் புத்தகங்களைத் தேடித் தேடியே பாதி படித்திருப்போம்.

அப்புறம் புத்தகத்தைப் புரட்டினால் சில பக்க ஓரம் பென்சிலால் கறுத்திருக்கும், சில பாடம் சுத்தமாக இருக்கும். என் புத்தகத்தில் உள்ளாட்சிப் பாடமும் அடிப்படை உரிமைகளும் கறுத்துப் போயிருந்தன. அப்படிக் கறுத்த பக்கத்தை வரி விடாமல் படித்தேன். வெள்ளைப் பக்கத்தை ஒரு தடவை வாசித்ததோடு சரி.

வெட்டிய குறிப்பு ஏன் உதவாது என்பதும் இங்கேதான் தெரிகிறது. குறிப்பில் "73 - 1992 - ஊராட்சி" என்று இருக்கும். புத்தகத்தில் சட்டத்திருத்தம் நிறைவேறியது 1992, நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24, பதினோராவது அட்டவணை, 29 அதிகாரங்கள், அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 என்று வரிசையாக ஓடும். 74ஆவது வந்தால் நகராட்சி, பன்னிரண்டாவது அட்டவணை, 18 அதிகாரங்கள். கேள்வி "பின்வரும் கூற்றுகளில் சரியானவை எவை" என்று வரும். நாலு கூற்றில் ஒன்றில் 29க்கும் 18க்கும் இடம் மாற்றியிருப்பார்கள். அம்புக்குறி மனப்பாடம் அங்கே கை கொடுக்காது.

பயிற்சி மையங்கள் தேர்வு அன்று சாயங்காலமே போடும் விடைகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஆணையம் முதலில் போடுவதும் தற்காலிகக் குறிப்புதான். இறுதிக் குறிப்பில் சிலது மாறியிருக்கும். மாறிய கேள்விகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவைதான் சுவாரசியம்.

ஜூலை 28

"ஒரு வாரத்துக்கு மேலா?! தேர்வுக்கு ரெண்டே மாசம் இருக்கு." சரி, அப்படியானால் இரண்டு தாள் போதும். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3

திறனறிவு 25 கேள்வி. ஒன்றுக்கு ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண். கலைப்பிரிவு படித்தவர்கள் இதை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள், வயிறு எரிகிறது. பாடத்திட்டத்தில் இருப்பது சுருக்குதல், விழுக்காடு, மீ.பொ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கொள்ளளவு, காலம் மற்றும் வேலை, அப்புறம் காரணவியல். பத்தாம் வகுப்பைத் தாண்டாது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகும் பையன் ஒருவன் குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருந்தான். கணக்கு வராது என்று ஒதுக்கி வைத்திருந்தான். நானூறு கிராம் வெள்ளி, எண்பது டச் (நூற்றில் எண்பது பங்கு சுத்தம்), சுத்த வெள்ளி எவ்வளவு என்று கேட்டேன். நான் வாய் மூடுவதற்குள் 320 என்றான். அதுதாண்டா விழுக்காடு என்றால் நம்ப மாட்டேன் என்கிறான். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் தினமும் போடுகிற கணக்கு, வினாத்தாளில் வேறு சட்டை போட்டு வந்ததும் பயந்துவிட்டான்.

கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் இரண்டு வருட வித்தியாசம் கேட்டால் அசலை வட்டி வீதத்தால் இரண்டு தடவை பெருக்கி, நூறால் இரண்டு தடவை வகுத்தால் ஆச்சு. 5,000 ரூபாய், 4 சதவீதம் என்றால் 8 ரூபாய். இதைக்கூடப் போடாமல் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

ஆகஸ்ட் 9

"ஏற்காட்டில் ஒரு மாதம் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கலாம் என்றிருக்கிறேன், கவனம் சிதறாது. உங்கள் கருத்து?"

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு 73ஆவது சட்டத்திருத்தம் படிப்பீர்களா? நானும் ஒரு சனிக்கிழமை புத்தகப் பையோடு போனவள்தான். மூட்டம் இறங்கி, புத்தகம் நமுத்து, பக்கோடா சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கினேன். ரூமுக்குக் கொடுக்கும் காசில் அஸ்தம்பட்டியில் நாலு மாதம் மெஸ் சாப்பாடு சாப்பிடலாம். மாவட்ட மைய நூலகத்தில் உட்காருங்கள், மாநகராட்சியின் அறிவுசார் மையம் இருக்கிறது. நாற்காலி, மின்விசிறி, உங்களை மாதிரியே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு படிக்கும் பத்துப் பேர். வேறென்ன வேண்டும்?

ஆகஸ்ட் 10

நேற்றைய பதிலுக்கு ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துப் பெண் எழுதியிருக்கிறாள். அவளுக்கு மலையில் படிப்பது தவம் இல்லை, வீடே அங்கேதான். வீட்டில் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறிப் போனால் ஒரு புள்ளி வரும். "பிடிஎஃப் இலவசம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், எங்களுக்கு அது இறங்குவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். நான் வாரத்துக்கு ஒரு தடவை கோரிமேடு வந்து ஜெராக்ஸ்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்" என்கிறாள்.

அவளுக்கு என் கணக்கு பொருந்தாது. போனில் பார்க்க வழியில்லாதவர்களுக்குக் காகிதம்தான் மெட்டீரியல். எடுக்கட்டும். ஆனால் எதை எடுப்பது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கட்டும். மையத்துக் குறிப்பு வேண்டாம். பழைய வினாத்தாள் மூன்று, இறுதி விடைக்குறிப்பு, கொள்கை விளக்கக் குறிப்பில் திட்டங்கள் வரும் பக்கங்கள். நேராகத் தளத்திலிருந்து பிரிண்ட், யாருடைய ஜெராக்ஸிலிருந்தும் இல்லை. பாடப்புத்தகத்தை அச்சுப் புத்தகமாகவே வாங்கித் தருவதாக இங்கேயே இரண்டு பேர் முன்வந்துவிட்டார்கள். கோரிமேட்டில் எங்கே வைத்துவிட்டுப் போவது என்று அவளிடம் பேசிவிட்டேன்.

ஆகஸ்ட் 17

இது கொஞ்சம் வழி மாறிப் போகும், பரவாயில்லை.

வரலாற்றில் நம் ஊர் வரும் இடத்தையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சேலம் விஜயராகவாச்சாரியார், 1920 நாக்பூர் காங்கிரஸ் தலைவர். ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். அவரே முதல்வரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது சேலம் மாநாட்டில். புவியியலுக்கு வந்தால் கஞ்சமலை இரும்பு, மாக்னசைட், சேர்வராயன் மலை பாக்சைட். 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயத்வாரி (விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் முறை) என்றால் குறிப்பில் "1820, தாமஸ் மன்றோ" என்று இருக்கும். கதை அதற்கு முன்னாலேயே நம் பக்கம் தொடங்கிவிட்டது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பெனிக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடுதான் இந்த முறையை இங்கே முதலில் பார்த்தவர், மன்றோ அவருக்குக் கீழே உதவியாளர். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்து நிலத்தை அளந்துதான் மன்றோ பாடம் கற்றார். இது தெரிந்தபின் எனக்கு அந்தப் பாடமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பட்டா, கிஸ்து என்று அலுவலகத்தில் பார்க்கிற காகிதத்துக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் தேர்வில் "ரயத்வாரி முறையை 1820இல் அறிமுகப்படுத்தியவர்" என்று கேட்டால் மன்றோ என்று கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ரீடுக்காக அங்கே வாதாடாதீர்கள்.

முதன்மைத் தேர்வில் குரூப் 2 பதவிகளுக்கு விரித்து எழுத வேண்டும். அங்கே ரீடு உதவுவார்.

ஆகஸ்ட் 31

டெலிகிராமில் நாற்பது குழுவில் இருக்கிறேன், எதைப் படிப்பது என்றே தெரியவில்லை என்கிறார் ஒருவர். முப்பத்தொன்பதிலிருந்து வெளியே வாருங்கள். நாற்பதாவதிலும் அறிவிப்பை மியூட் பண்ணுங்கள்.

செப்டம்பர் 6

குரூப் 4 எழுதும் ஒருவர் தமிழுக்கு எங்கே அழுத்தம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். புதிய பாடத்திட்டத்தில் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. கூட்டிப் பாருங்கள். நூலாசிரியர் பெயர், அடைமொழி என்று இரவெல்லாம் உருப்போடுவது அந்தக் கடைசி 15க்கு. இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு அடைமொழி படிப்பவர்கள் இன்னும் பத்து வருடத்துக்கு முந்தைய தேர்வுக்குத்தான் தயாராகிறார்கள். கேள்விக்கு ஒன்றரை வீதம் இந்தப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

செப்டம்பர் 21

அடுத்த ஞாயிறு தேர்வு. ஓஎம்ஆர், அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாள் பற்றி மட்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். ஏ, பி, சி, டி, கடைசியில் இ. இ என்றால் விடை தெரியவில்லை. ஐந்தில் ஒன்றைக் கட்டாயம் கறுப்பாக்க வேண்டும், வெறுமனே விட்டால் மதிப்பெண் கழிப்பார்கள். ஆனால் தப்பான விடைக்கு இங்கே கழிப்பதில்லை. அப்படியிருக்க இ-யை நிரப்பிவிட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. தெரியாததற்கு நாலில் ஒன்றைக் குத்துங்கள். நேரம் தீரும் கடைசி நிமிடத்தில் மொத்தமாக நிரப்பலாம் என்று விடாதீர்கள். பத்துக் கேள்வி தாண்டினால் உடனே பத்து வட்டம். கறுப்பு பால் பாயின்ட் பேனா, ஒன்றுக்கு இரண்டாக.

காலை 9.30க்குத் தேர்வு. ஒன்பது மணிக்குள் தேர்வு மையத்துக்குள் இருக்க வேண்டும். மலையிலிருந்து வருபவர்கள் சனிக்கிழமையே இறங்கி யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸை நம்ப வேண்டாம்.

செப்டம்பர் 29

நேற்றே நாலு மையம் நாலு விதமாக விடை போட்டாகிவிட்டது. யாரும் இங்கே மார்க்கை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஆணையத்தின் தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் மறுப்புச் சொல்ல ஏழு நாள் தருவார்கள். இணையத்தில்தான், தபாலில் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விடை தப்பு என்றால் ஆதாரம் வேண்டும். புத்தகத்தின் அட்டைப் பக்கம், அந்த வரி இருக்கும் பக்கம் இரண்டையும் ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். மையத்துக் குறிப்பையும் கைடையும் ஆதாரமாக ஏற்பதில்லை. பாடப்புத்தகம் கையில் இல்லாதவர்கள் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று இங்கே கேளுங்கள். பக்கத்தை எடுத்து இரவு எட்டு மணிக்கு மேல் போடுகிறேன், பகலில் அலுவலகம்.